பெட்டிக்குள் இறங்கிய சாரல்

எங்கள் ஊரில் என்ன கெட்டுப்போனாலும் பழியைச் சாரல் மேல் போட்டுவிடலாம். தீக்குச்சி பற்றவில்லையா, சாரல். அப்பளம் நமத்துவிட்டதா, சாரல். வாசற்கதவு உப்பிக்கொண்டு நிலையில் முட்டுகிறதா, சாரல். ஒரு வருஷம் நான் கணக்கில் மோசமாக மார்க் வாங்கி வந்தபோதுகூட, அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சாரல் காற்றில் பிள்ளைக்கு மண்டையில் நீர் கோத்திருக்கிறது என்று அப்பாவிடம் சொல்லிச் சமாளித்தாள். தென்காசிக்காரர்களுக்கு இது பெரிய வசதி. ஆனி பிறந்து, மேற்கே மலை மறைந்து, குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று சேதி வந்துவிட்டால் ஆவணி வரைக்கும் யாரும் எதற்கும் பொறுப்பில்லை.

இந்த வசதியை நம்பித்தான் மாமாவின் விஷயத்தில் எங்கள் வீடு ஒரு சீசன் முழுக்க ஏமாந்தது. ஏமாந்தது என்று சொல்வதா, ஏமாற ஆசைப்பட்டது என்று சொல்வதா, எனக்கு இன்னும் தெரியவில்லை.

மாமா அம்மாவின் தம்பி. கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்கள் வீட்டு மாடி அறையில் இருந்தார். இன்னிசைக் குழு ஒன்றில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பது அவர் தொழில். கோயில் கொடைத் திருவிழா, கல்யாண ரிசப்ஷன், காதுகுத்து என்று எங்கே மைக்செட் கட்டினாலும் அங்கே அவர் இருப்பார். அப்பாவுக்கோ பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடை. கச்சேரி முடிந்து மாமா வீடு திரும்பும் நேரமும், முதல் லோடு பார்க்க அப்பா கிளம்பும் நேரமும் ஒன்றுதான். இரண்டு பேரும் பெரும்பாலும் வாசலில்தான் சந்தித்துக்கொண்டார்கள் என்பதால் அவர்களுக்குள் சண்டை போட நேரம் இருந்ததில்லை. "வாங்க மாப்ள, ஊரத் தூங்க விடாம பண்ணியாச்சா?" என்று அப்பா கேட்பார். "ஆச்சு அத்தான், இனி நீங்க போயி எழுப்பி விடுங்க" என்று மாமா சொல்லுவார். இதே கேள்வி, இதே பதில். இருவருக்கும் அலுத்ததே இல்லை.

மாமாவின் பெட்டி வந்தது நான் சொன்ன அந்தச் சீசனுக்கு முந்திய தை மாதம். கடையநல்லூரில் மாமாவின் சிநேகிதர் ஒருவர் துபாயில் வேலை பார்த்தார். அவரிடம் சொல்லிவைத்து, சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் கொடுத்து, மாமா அதை வரவழைத்தார். கிட்டார் சிந்தசைசர் என்று பெயர். எங்கள் வீட்டில் யாருக்கும் அந்தப் பெயர் வாயில் நுழையாததால் பெட்டி என்றே ஆகிவிட்டது. காலால் மிதிக்கிற பொத்தான்கள் வரிசையாக உள்ள, தட்டையான, கனத்த பெட்டி. அதோடு கூடவே சீப்பு மாதிரி ஒல்லியாக ஒரு பட்டை வந்தது. அதைக் கிட்டாரின் கம்பிகளுக்கு அடியில் ஒட்டி, அங்கிருந்து தடியான வயர் ஒன்றைப் பெட்டிக்குக் கொண்டுபோனார் மாமா. கம்பிக்கு ஒன்றாக அந்தப் பட்டையில் ஆறு காது இருப்பதாக எனக்கு விளக்கினார். எந்தக் கம்பி அசைந்தாலும் அந்தக் காது கேட்டுப் பெட்டிக்குச் சொல்லும். பெட்டி அதைப் புல்லாங்குழலாக, வயலினாக, நாதஸ்வரமாக மாற்றி ஸ்பீக்கரில் விடும்.

"சாதா கிட்டாருக்கு நாம தட்டுனாத்தாம் கேக்கும்ட்டி. இதுக்குத் தொட்டாலே கேக்கும். இதுகிட்ட ஒண்ணும் ஒளிக்க முடியாது" என்றார். அதைப் பெருமையாகத்தான் சொன்னார்.

முதல் நாள் நாதஸ்வரத்தில் வைத்து வாசித்தபோது எதிர்வீட்டு அத்தை படியேறி வந்து, யாருக்கு நிச்சயம், எங்களுக்கு ஏன் சொல்லவில்லை என்று அம்மாவிடம் வருத்தப்பட்டாள். மாமாவின் குழுவில் புல்லாங்குழல் வாசித்தவர் மகள் வீட்டோடு கோயம்புத்தூர் போய்விட்டதால், குழல் வருகிற பாட்டையெல்லாம் அவர்கள் தள்ளிவைத்திருந்தார்கள். பெட்டி வந்தபின் அவை திரும்பி வந்தன. மாசி, பங்குனிக் கொடைகளில் மாமாவுக்குத் தனிக் கைதட்டல். மேடைக்குக் கீழே நின்று குழல்காரரைத் தேடியவர்கள், கிட்டார்காரரின் கையிலிருந்து குழல் வருவதைக் கண்டு வாயைப் பிளந்தார்கள். நாற்பது வயதுக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் அப்படி மினுங்கி நான் பார்த்ததில்லை. அவர் நடையே மாறிப்போயிருந்தது.

ஆனியில் சாரல் தொடங்கியது. ஒரு நாள் மாலை பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் மாடியில் உட்கார்ந்திருந்தேன். மாமா பெட்டியைக் குழலில் வைத்து ஒரு பாட்டை வாசித்துவிட்டு, கையைக் கம்பிமேல் வைத்துக்கொண்டு என்னிடம் ஏதோ பேசினார். அப்போது ஸ்பீக்கரிலிருந்து கீச் என்று ஒரு சத்தம். பிறகு கீச் கீச் என்று இரண்டு மூன்று. குழலை யாரோ நகத்தால் கிள்ளினால் கத்துகிற மாதிரி இருந்தது. நான் சிரித்தேன். மாமா பெட்டியைப் பார்த்தார். குனிந்து ஒரு குமிழை லேசாகத் திருகினார். சத்தம் நின்றது.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. "என்ன மாமா அது?" என்றேன். மாமா சுதாரித்துக்கொண்டு, "பெட்டிக்குள்ள குருவி கூடு கட்டிட்டுட்டி. யார்ட்டயும் சொல்லாத, பறந்துரும்" என்றார்.

எனக்கு அப்போது மூன்றாம் வகுப்பு. பெட்டிக்குள் குருவி இருக்க முடியாது என்று தெரியும் வயதுதான். ஆனாலும் மாமா சொன்னால் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று நினைக்கிற வயதும்கூட. அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் குருவி கேட்க மாடிக்கு ஓடினேன். அதைக் கவனித்துக் கேட்டதில் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. மாமா வாசிக்கும்போது குருவி வாயே திறக்காது. பாட்டு சுத்தமாக, மழையில் கழுவிய மாதிரி வரும். வாசிப்பை நிறுத்திக் கையைக் கம்பிமேல் ஓயவைத்தால்தான் அது கத்தும். இதை ஒரு பெரிய கண்டுபிடிப்பாக அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். "சாரல் எறங்கிருக்கும். எல்லாம் ஈரத்துல கெடந்தா வேறென்ன செய்யும்" என்று முடித்துவிட்டாள்.

சொன்னதோடு நிற்கவும் இல்லை. எங்கள் வீட்டில் ஈரம் இறங்கிய எதையும் அரிசி டிரம்மில் புதைத்து வைப்பது வழக்கம். அப்பாவின் கைக்கடிகாரம், கடைக் கால்குலேட்டர் எல்லாம் அந்த வைத்தியம் பார்த்துக்கொண்டவை. மாமாவின் பெட்டியையும் ஒரு வெள்ளைத் துண்டில் சுற்றி அரிசிக்குள் இறக்கினாள் அம்மா. இரண்டு நாள் கழித்து எடுத்தபோது பொத்தான்களின் இடுக்கில் அரிசி. அரிசியைத் தேடி எறும்பு. மாமா கோழி இறகால் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பா சாப்பிட்டுக்கொண்டே வேடிக்கை பார்த்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நம்ம மாப்ளக்கி பெட்டி கோணல்" என்றார். மாமா சிரித்தார். நாங்கள் எல்லாருமே சிரித்தோம். அப்பா வீட்டில் அடிக்கடி எடுத்துவிடுகிற பழமொழிதான் அது. என் கோணலான கையெழுத்துக்கும் அதையேதான் சொல்லுவார்.

அரிசி வைத்தியத்தில் குருவி போகவில்லை. மாமா வேறு வழி கண்டுபிடித்தார். சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் காலடியில் ஒரு பெடல் உண்டு. வாசிப்பு நிற்கிற இடத்திலெல்லாம் காலால் அதை அமுக்கிப் பெட்டியின் வாயை மூடினார். திரும்ப வாசிக்கும் முன் திறந்தார். எந்தப் பாட்டானாலும் அவர் கால் ஓயாமல் ஏறி இறங்கியது. பார்க்கிறவர்கள் தாளம் போடுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அந்த ஆனி முகூர்த்தத்தில் குற்றாலத்தில் ஒரு கல்யாணம். பெண்ணின் தகப்பனார் அப்பாவுக்கு மார்க்கெட்டில் பழக்கம் என்பதால் நாங்கள் குடும்பத்தோடு போனோம். கச்சேரியும் மாமாவின் குழுதான். மண்டபத்தின் இரண்டு பக்கக் கதவுகளும் திறந்து கிடந்தன. சாரல் உள்ளே அடித்து, மேடைப் பலகை நசநசவென்று இருந்தது. வாழைப்பழத் தாரைக் குரங்கிடமிருந்து காப்பாற்றுவதற்கென்றே ஒருவரைக் கம்போடு வாசலில் நிறுத்தியிருந்தார்கள். நான் முன்வரிசையில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவே உட்கார்ந்து, என் மாமா என்று பக்கத்தில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு பாட்டில் வாத்தியங்கள் எல்லாம் நின்றுபோய், பாடுகிற அக்கா மட்டும் தனியே இழுத்துப் பாடுகிற இடம் வரும். அது வந்தது. மாமா பெடலை அமுக்கக் காலை நகர்த்தினார். ஈரப் பலகையில் பெடல் வழுக்கி மைக் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

கீச் கீச் என்றது ஸ்பீக்கர். கீச் கீச் கீச்.

குற்றாலத்து மண்டபங்களுக்குள் குருவியும் குரங்கும் வருவது புதிதல்ல. அதனால் மொத்தக் கூட்டமும் அண்ணாந்து கூரையைப் பார்த்தது. "அந்தா, ஃபேனுக்கு மேல!" என்று யாரோ கைகாட்டினார்கள். காட்டிய இடத்தில் குருவி இருப்பதாக இன்னும் நாலு பேர் சத்தியம் செய்தார்கள். ஒருவர் ஒட்டடைக் கம்பைத் தூக்கிக்கொண்டு வந்து ஃபேனுக்கும் சரவிளக்குக்கும் நடுவே வீசினார். "ஏலே, வெளக்கு ஒடஞ்சிரும்லே!" என்று பெண்ணின் தகப்பனார் கத்தினார். கல்யாணப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பாடுகிற அக்கா பாட்டை விட்டுவிட்டாள். ஒட்டடைக் கம்பு வீச வீச, இல்லாத குருவி இன்னும் பலமாகக் கத்தியது. எனக்குத்தான் ரகசியம் தெரியும். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது எனக்கு.

மாமா கம்பியிலிருந்து கையை எடுத்தார். குருவி நின்றது. எடுத்த கையை பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு, வெளிச்சத்தில் அப்படியே நின்றார்.

அப்போது நான் பார்த்தேன். அவர் பாக்கெட் அசைந்துகொண்டிருந்தது. துணிக்கு உள்ளே சின்னதாக ஏதோ ஒன்று விடாமல் படபடத்தது. பெட்டியாவது மண்ணாவது, மாமா நிஜமாகவே குருவியைப் பிடித்துப் பாக்கெட்டில் போட்டுவிட்டார் என்று எனக்குப் பட்டது. அப்பாவிடம் காட்டலாம் என்று திரும்பினேன். அப்பா ஏற்கெனவே அந்தப் பாக்கெட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மண்டபமே சிரித்துக்கொண்டிருந்தபோது அவர் மட்டும் சிரிக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வேனில் மாமாவின் மடியில் ஏறி, குருவியைக் காட்டச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தேன். மாமா பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டினார். கிட்டார் வாசிக்கிற பிளாஸ்டிக் துண்டு ஒன்று மட்டும் இருந்தது. "பறந்துட்டுட்டி" என்றார்.

குழுவை நடத்துகிற அண்ணாச்சி அந்த வாரமே வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். காப்பியை ஆற்றி ஆற்றிக் குடித்தார். "சாரலுக்கு இந்தப் பெட்டியெல்லாம் தாங்காது தம்பி. சீசன் முடியட்டும், நல்லா காயட்டும், பெறவு பாப்போம். அதுவரைக்கும் கீபோர்டு பயல வச்சு ஓட்டிக்கிடுதேன்" என்றார். மாமா, "ஆமா அண்ணாச்சி, சாரல்தான்" என்றார். அம்மா, "இந்த வருசம் சாரல் சாஸ்தி" என்றாள். எங்கள் ஊரில் ஒரு மனிதனை மேடையிலிருந்து இறக்குவதற்குக்கூடக் கடுஞ்சொல் தேவைப்படாது. சாரல் போதும். எனக்கு வயது ஏற ஏறத்தான் அந்த மரியாதையின் கொடூரம் உறைத்தது.

ஆடியில் ஒரு நாள் அப்பா கடைக்குப் போகவில்லை. அதுவே அதிசயம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கூடப் போகிறவர். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, மாமாவையும் கூட்டிக்கொண்டு, புளியறை வழியாகத் திருவனந்தபுரம் போகிற பஸ்ஸுக்குக் கிளம்பினார். எங்கே என்று கேட்டதற்கு, பெட்டியை ரிப்பேர் பார்க்க என்றார். அங்கே பெரிய ரிப்பேர்காரர் இருக்கிறாராம்.

அவர்கள் போனபிறகு மாடிக்குப் போனேன். மேசைமேல் பெட்டி அப்படியே இருந்தது.

பெரியவர்களின் முட்டாள்தனத்தை நினைத்து எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். அவ்வளவு தூரம் மலையேறிப் போகிறவர்கள் ரிப்பேர் பார்க்க வேண்டிய சாமானையே மறந்துவிட்டார்களே! பெட்டியைத் தூக்க முடியாமல் தூக்கி, நெஞ்சோடு அணைத்து, படி படியாக இறங்கினேன். "எம்மா, பெட்டிய விட்டுட்டுப் போயிட்டாவம்மா! ஆட்டோ பிடிச்சா பஸ் ஸ்டாண்டுல பிடிச்சிரலாம்!" என்று கத்தினேன்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். என் கையில் பெட்டியைப் பார்த்தாள். "கீழ வைட்டி" என்று மட்டும் சொன்னாள். வைத்தேன். அவள் கடைசிப் படியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பஸ் காசு வீணாய்ப் போனதற்கா இப்படி அழுவது என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அவர்கள் மறுநாள் திரும்பினார்கள். எனக்கு நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கி வந்திருந்தார்கள். பெட்டியை மறந்ததைப் பற்றி நான் கேலி செய்தபோது, அப்பா இன்னொரு பிடி சிப்ஸை அள்ளி என் கையில் திணித்தார். அப்பா அதற்குப்பின் அந்தக் கூடம் கோணல் பழமொழியை எடுத்ததே இல்லை. என் கையெழுத்து கடைசிவரை கோணலாகத்தான் இருந்தது. வேறு வார்த்தைகளில் திட்டினார்.

இனி நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நிதானமாகச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஆவணி வந்தது, வெயில் வந்தது. தீக்குச்சி பற்றியது, அப்பளம் மொறுமொறுத்தது, வாசற்கதவு ஒழுங்காக மூடியது. மாமாவின் கை மட்டும் நிற்கவில்லை. நடுக்குவாதம் என்ற சொல்லை நான் தெரிந்துகொள்ள இன்னும் சில வருஷம் ஆனது. அது ஆரம்பத்தில் வேலை செய்யும் கையை விட்டுவிடும், ஓய்ந்திருக்கும் கையைத்தான் பிடிக்கும் என்பதை அதற்கும் பின்னால் படித்தேன். எங்கள் யார் கண்ணுக்கும் தெரியும் முன்பே அந்த ஆறு காதுகளும் அதைக் கேட்டுவிட்டன. கேட்டதை ஊரறியச் சொல்லவும் சொல்லின. நாங்கள் அதைத் துண்டில் சுற்றி அரிசிக்குள் புதைத்தோம். முன்பே புரிந்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது. டாக்டர்களும் அதையேதான் சொன்னார்கள். அது ஓர் ஆறுதல் என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இல்லை. வலது கைக்குப் பின் இடது கை போயிற்று. பிறகு சட்டைப் பொத்தான், பிறகு காப்பி டம்ளர், பிறகு பேச்சு. அண்ணாச்சி சொன்ன சீசன் முடியவே இல்லை. மாமா இறந்துபோனதும் ஒரு சாரல் காலத்தில்தான். துஷ்டி கேட்க வந்தவர்கள், இந்தக் காற்றில் நோயாளிகள் தாங்க மாட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஆனால் எனக்கு அந்த ஆவணியில் ஒரு நாள்தான் திரும்பத் திரும்ப வருகிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அப்பா சாப்பிட்டுப் படுத்திருந்தார். அம்மா கீழே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். மாமா மாடியிலிருந்து என்னைக் கூப்பிட்டார். போனபோது கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தடி வயர் செருகியிருந்தது. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. குழலை வைத்து, அதன்மேல் எக்கோவையும் ஏற்றினார். பிறகு வலது கையைக் கம்பிமேல் வைத்து அப்படியே விட்டுவிட்டார்.

முதலில் ஒரு குருவி. எக்கோவில் அது இரண்டாகி, நாலாகி, அறையெல்லாம் குருவியாயிற்று. பழைய குற்றாலம் போகிற வழியில் அந்தி நேரத்து ஆலமரத்தடியில் நின்றால் தலைக்குமேல் கேட்குமே, அந்த இரைச்சல். மாமா வாசிக்கவில்லை. பெட்டியையும் பார்க்கவில்லை. தன் கையையே, வேறு யாருடையதையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கைதட்டிக் குதித்தேன்.

"எப்டி மாமா செய்யுதிய?"

"நான் ஒண்ணுமே செய்யலட்டி" என்றார் மாமா. "சும்மாத்தாம் வச்சிருக்கேன். பாரு."

அதைவிடப் பெரிய வித்தை உலகத்தில் இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. மாடிப்படிக்கு ஓடிப்போய்க் கீழே எட்டிப் பார்த்து, "எம்மா, சீக்கிரம் வா! மாமா ஒண்ணுமே செய்யாம வாசிக்காவ!" என்று கூப்பிட்டேன். கீழே பாத்திரச் சத்தம் நின்றது. அம்மா வரவில்லை. அவளுக்குப் பாட்டில் அக்கறை கிடையாது என்று நினைத்துக்கொண்டு திரும்பி ஓடிவந்து, மாமாவின் காலடியில் உட்கார்ந்து, இன்னொரு தடவை என்று கேட்டேன்.